தைலம்மாளைக் கூப்பிடாத வக்கீல்

1964-இல் பரங்கிப்பேட்டைப் படகோட்டி காசிமின் கொலை வழக்கு கடலூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்தது. வக்கீல் வைத்துக்கொள்ள அவனுக்கு வசதியில்லை. கோர்ட்டே குஞ்சிதபாதத்தை நியமித்தது. முப்பது வயது, வீடு சிதம்பரத்தில், தொழில் கடலூரில்.

படகுத்துறையில் நடந்த சண்டையில் கூட்டாளி அபுபக்கரைக் காசிம் குத்திவிட்டான். அதை அவன் மறைக்கவில்லை. ஜெயிலுக்குப் பார்க்கப் போன வக்கீலிடம் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னான்.

"கத்தி அவன் கையிலதாங்க இருந்துச்சு. மொதல்ல ஓங்குனதும் அவன்தான். புடுங்குறப்ப அப்பிடி ஆயிப்போச்சு. தொறையில இட்லி விக்கிற தைலம்மாள் பாத்துச்சு. அதக் கூப்புடுங்க."

"கூப்புடறேன்" என்றார் குஞ்சிதபாதம்.

கூப்பிடவில்லை. அவர் தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மரண தண்டனையே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று வாதாடப் போகிறார். அந்தக் கோர்ட்டில் அப்படி யாரும் பேசி அவர் கேட்டதில்லை. மூன்று வாரம் சிதம்பரத்தில் நூலகமே கதியென்று கிடந்தார். பரங்கிப்பேட்டை பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

வாதத்தன்று ஒன்றரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். நீதிபதி பொறுமையாகக் கேட்டார்.

"சட்டம் வகுத்த முறைப்படி உயிரைப் பறிக்கலாம் என்றுதானே இருபத்தோராவது பிரிவுக்கு அர்த்தமாகிறது? மரண தண்டனையைக் குறைக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்திருக்கிறார்கள். தண்டனையே கூடாதென்றால் அந்த அதிகாரம் எதற்கு?" என்றவர், "சம்பவத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார்.

"வேறொன்றுமில்லை" என்றார் குஞ்சிதபாதம்.

நாலு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது: தூக்கு. தாழ்வாரத்தில் இரண்டு சீனியர்கள் அவர் கையைக் குலுக்கி, பிரமாதமான வாதம் என்றார்கள். அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது காசிமின் மனைவி ஷரீபா கிட்டே வந்தாள்.

"தைலம்மாள ஏங்கய்யா கூப்புடல?"

சீனியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உன் புருஷன் எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லலியேம்மா" என்றார்.

அடுத்த வாரம் அப்பீல் காகிதத்துக்காக அவள் மறுபடி அவருடைய கடலூர் ஆபீசுக்கு வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"ஜெயில்ல போயி அவுங்கள நல்லா திட்டிப்புட்டேன்யா. உசுரு போற நேரத்துல இதக்கூடவா சொல்ல மறப்பாங்க?"

"அவன் என்ன சொன்னான்?"

"மறந்திருப்பேன் புள்ள, மன்னிச்சுக்கன்னாங்க."

குஞ்சிதபாதத்துக்கு விளங்கிவிட்டது. தூக்குக்குக் காத்திருப்பவன், வக்கீலின் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான். ஏதேதோ காகிதத்தைப் புரட்டி அவளை அனுப்பிவைத்தார்.

மறுநாள் பரங்கிப்பேட்டைக்குப் போனார். தைலம்மாள் கேட்டதுமே சொன்னாள்: "கத்தி அபுபக்கர் கையிலதான் இருந்துச்சு. எங்கிட்ட வந்து யாரு கேட்டா?"

ஹைகோர்ட்டுக்குப் பிரமாணப் பத்திரம் எழுதினார். கட்சிக்காரர் சொன்னார், நான் கூப்பிடவில்லை, தவறு என்னுடையது என்று. ஹைகோர்ட் உத்தரவுப்படி அதே கடலூர் கோர்ட்டில் தைலம்மாளின் சாட்சியம் பதிவானது. கை குலுக்கிய சீனியர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பத்திரத்தை அங்கே இங்கிலீஷில் வாசித்தபோது குஞ்சிதபாதத்தின் தலையே நிமிரவில்லை.

தூக்கு ரத்தானது. கொலை என்பது போய், ஏழு வருஷம் ஜெயில் என்றாயிற்று.

ஷரீபா நன்றி சொல்ல ஆபீசுக்கு வந்தாள். "தைலம்மாள் சொன்னது ஒருபக்கம் இருக்கட்டும். அன்னிக்கு இங்கிலீஷ்ல பேசுனீங்களே, அதுதான்யா காப்பாத்திச்சு."

"இல்லம்மா" என்றார். நடந்ததை முழுக்கச் சொன்னார். தாழ்வாரத்தில் சொன்ன பொய்யையும் சொன்னார்.

அவள் அவரைத் திட்டவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு ஜெயில்ல மனு போட்டு ஆளப் பாக்குற நாளுதானேயா?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

அவள் ஜெயில் பக்கமாக ஏறக்குறைய ஓடினாள். உடன் போய்க் காசிமிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியது. வாசல்படிவரை வந்தவர், அதற்குமேல் கால் வராமல் அங்கேயே நின்றுவிட்டார்.