மலைமேல் ஊன்றிய கம்பம்

டெல்மிக்கும் அவள் கணவன் ஓஸ்மானுக்கும் இடையே ஒரு பேச்சு இருந்தது. எல் சப்போத்தே ஊருக்கு இருவரும் சேர்ந்து இணையம் கொண்டுவர வேண்டும். மழைக்காலம் பாதி கழிந்தும் அது ஒழுங்காக ஓடினால் ஓஸ்மான் ஊரோடு இருப்பான். ஓடாவிட்டால் ரெனேயோடு வடக்கே அமெரிக்காவுக்குக் கிளம்பிவிடுவான். ரெனே எல்லை தாண்டி ஆட்களைக் கூட்டிப்போகிறவன். அவனோடு போனவர்களில் சிலர் பணம் அனுப்பி ஊரில் மாடிவீடு கட்டினார்கள். சிலரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. டெல்மியின் அண்ணன் இரண்டாவது வகை. இணையம் ஓடவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்ட அளவுக்கு எந்தக் கம்பெனி முதலாளியும் வேண்டிக்கொண்டிருக்க மாட்டான்.

டவுனிலிருந்து வரும் அலைக்கும் ஊருக்கும் நடுவே மலை நின்றது. இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம், மாடு வளர்க்கும் பெரியவர் தோன் எலியோவின் மேய்ச்சல் மேடு. இடம் தர அவர் உடனே ஒப்புக்கொண்டார். ஆன்டெனா கட்ட அவர்கள் கொண்டுவந்த இரும்புக் குழாயைப் பார்த்ததும்தான் முகம் சுளித்தார்.

"இரும்பா? என் மாட்டு மேல இடி விழறதுக்கா? கம்பம் நான் தர்றேன். நம்ம வேலிக்கு ஊன்றோமே, மத்ரியாதோ மரம், அது. தேய்பிறையில வெட்டினது. உங்க ஆயுசுக்கும் சாகாது."

இரண்டு ஆள் உயரக் கம்பத்தை மூன்று பேருமாக வேலி வரிசையிலேயே ஊன்றினார்கள். வரிசை தப்பினால் பார்க்கச் சகிக்காது என்று எலியோ பிடிவாதம் பிடித்தார். ஓஸ்மான் உச்சியில் இரண்டு ஆன்டெனாக்களைக் கட்டினான், ஒன்று டவுனைப் பார்க்க, ஒன்று ஊரைப் பார்க்க. டெல்மி தன் வீட்டுக் கூரைமேல் ஏறி, இரவல் வாங்கிய வாக்கி டாக்கியில் கத்தினாள்.

"இடது பக்கம் திருப்பு! உன் இடது இல்லய்யா, என் இடது!"

"உனக்கு எப்பவும் உன் இடதுதான்!"

பக்கத்தில் வைத்திருந்த இணையப் பெட்டியில், அலையின் பலம் காட்டும் நான்கு பச்சை விளக்கும் எரிந்தபோது அவள் கூரைமேலேயே ஆடினாள். ஓடு இரண்டு உடைந்தது. அன்று மாலையே பக்கத்து வீட்டு ஒதிலியா, ஹூஸ்டனில் இருக்கும் மகனின் முகத்தைப் பார்த்து ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். கோடை முடிவதற்குள் பாதி ஊர் அவர்களிடம் இணைப்பு வாங்கிவிட்டது.

பிறகு மழை வந்தது. நான்கு விளக்கு மூன்றானது, மூன்று இரண்டானது. ஓஸ்மான் கேபிளை மாற்றினான். இணைப்புகளில் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றினான். டவுனிலிருந்து இணையம் தருகிறவனைக் கூப்பிட்டுத் திட்டினான். தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்றான் அவன். ஓஸ்மான் மூன்று முறை மலையேறித் தொப்பலாக நனைந்து, ஒன்றும் புரியாமல் இறங்கி வந்தான்.

"உங்க இன்டர்நெட்டு மழை பெஞ்சா இழுத்துப் போத்திட்டுத் தூங்கிடுதாமே?" என்றாள் ஒதிலியா. "என் பையன் மூஞ்சி வாயத் தெறந்தபடி நின்னுபோச்சு. கொட்டாவி விடறானா அழறானான்னு தெரியாம எனக்குத் தூக்கமே இல்ல."

கடைசியில் ஒரு விளக்குதான் மிஞ்சியது. அந்த வாரம் ஓஸ்மான் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"செவ்வாக்கிழமை கிளம்பலாங்கறான் ரெனே."

"பேச்சுன்னா பேச்சுதான்," என்றாள் டெல்மி. சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் ஸ்பேனரும் வெட்டுக்கத்தியும் எடுத்துக்கொண்டான். "கழட்டிட்டு வந்துடறேன். சும்மா மழையில கெடந்து வீணாப்போகும்." சாமான்களை ஏற்றிவர எலியோ கோவேறு கழுதையோடு கூடப் போனார்.

டெல்மி அடுப்பை அணைத்துவிட்டுப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அவன் கழற்றியதும் அந்த ஒற்றை விளக்கும் போய்விடும். போகட்டும், அதையும் பார்த்துவிடலாம் என்ற வீம்பு அவளுக்கு.

விளக்கு போகவில்லை. இரண்டாவது எரிந்தது. பெட்டிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். மூன்றாவது எரிந்தது. நான்காவது எரிவதற்குள் பக்கத்து வீட்டில் ஒரு போன் மணியடித்தது, எதிர் வீட்டில் இன்னொன்று. வாரக்கணக்கில் தேங்கிக்கிடந்த செய்திகளெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. தெரு நாய்கள் எதற்கென்று தெரியாமல் குரைத்தன.

"டெல்மி!" ஒதிலியா வாசலில் நின்று கத்தினாள். "என் பையன் பேசறான்டீ! வாய மூடறான், தெறக்கறான்!"

டெல்மி எழுந்திருக்கவில்லை. ஓஸ்மானின் போனும் இந்நேரம் அடித்திருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஸ்பேனர் அவன் கையில் இருக்கிறது. போக மனமிருந்தால் இரண்டு நட்டைக் கழற்றினால் போதும், வேண்டுமென்றே செய்தான் என்று எலியோவைத் தவிர யாருக்கும் தெரியாது. கன்னி மாதாவே, என் புருஷனை என்னிடமிருந்து பிடுங்கிவிடாதே என்று அவள் விளக்குகளைப் பார்த்தபடியே வேண்டிக்கொண்டிருந்தாள். அவை அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது.

"டெல்மி, சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"கம்பம் துளுத்திருச்சு."

"எந்தக் கம்பம்?"

"நம்ம கம்பந்தான். உச்சி பூரா தழை. ஆன்டெனா ரெண்டும் உள்ள ஒளிஞ்சு கெடக்கு. நட்டுக்குக் கை போக வழியில்லையேன்னு வெட்டினேன், போன் அலற ஆரம்பிச்சிருச்சு. இந்த ஈரத் தழைதான் அலைய மறிச்சிருக்கு."

அந்தப் பக்கத்தில் வேலி என்றாலே பச்சைக் கம்புகளை வெட்டி ஊன்றுவதுதான். ஒரு மழை பெய்தால் வேலி மரவரிசையாகிவிடும். வேலிக்காலில் இலை இருப்பதை யாரும் கவனித்துப் பார்ப்பதில்லை. மூன்று முறை ஏறியபோதும் ஓஸ்மான் அந்தத் தழையைக் கையால் விலக்கிவிட்டுத்தான் கேபிளை மாற்றியிருக்கிறான்.

"நாந்தான் அப்பவே சொன்னேனே, சாகாதுன்னு!" என்று பின்னாலிருந்து எலியோ பெருமையடித்துக்கொண்டது கேட்டது.

டெல்மிக்குச் சிரிப்பு வரவில்லை. "நட்டைக் கழட்டிட்டியா?"

"இல்ல."

"கழட்டப் போறியா?"

"இதை வாராவாரம் ஒருத்தன் ஏறிச் செரைக்கணும். தோன் எலியோவால ஏற முடியாது. உன்ன ஏத்தினா மலைக்கே ஓடு மாத்தணும்." பிறகு குரல் இறங்கியது. "நான் போகல, டெல்மி."

அவன் மூச்சு கேட்டது. கழுதை வாலைச் சுழற்றுவதுகூடக் கேட்டது. அத்தனை தெளிவு.

"என்ன சொன்ன? லைன் சரியில்ல," என்றாள்.

"நான் போகல!"

"விட்டுவிட்டு வருது. மறுபடி சொல்லு."

ஓஸ்மான் மேடே அதிரக் கத்தினான். அதற்குமேல் கேட்கவில்லை என்று பொய் சொல்ல அவளால் முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.