காலிக் கட்டம்

ஒரே வாரத்தில், ஒரே ஆஸ்பத்திரியில் ஓர்ப்படிகள் இருவரும் பிள்ளை பெற்றார்கள். எடையில் மூத்தவளின் குழந்தை நூறு கிராம் முந்தியது. அந்த நூறு கிராமை அவள் சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டு நிறுத்துக் காட்டினாள்.

பிறகு இரண்டு பிஞ்சுக் குதிகால்களிலும் ஊசி குத்தி, அட்டையில் சொட்டு ரத்தம் எடுத்தார்கள். பரம்பரைக் கொழுப்பு இருக்கிறதா என்று பார்க்கவாம். மூத்தவளுக்கு வந்த முடிவு ஒரே வரி: 'எல்லாம் சரி.' இளையவளுக்கோ, குழந்தைக்கு அந்தக் கொழுப்பு இருக்கிறதென்று நர்ஸே போன் செய்தாள். பெரிய டாக்டர், உணவு ஆலோசகர், தடித்த ஃபைல் என்று ஒரே தடபுடல்.

"எல்லாம் சரின்னா சந்தோஷப்பட வேண்டியதுதானே?" என்றார் அவள் கணவர்.

"ஒரே வரி! தண்ணி வராதுன்னு நோட்டீஸ் ஒட்டுறவன்கூட ரெண்டு வரி எழுதுறான்."

மறுவாரம் இளையவள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் கைப்பட வரைந்த குடும்பப் படம், கட்டம் கட்டமாக இருந்தது. கொழுந்தன் கட்டத்தில் கொலஸ்ட்ரால் 298. பக்கத்துக் கட்டத்தில் கேள்விக்குறி.

"அவரோட அண்ணனும் டெஸ்ட் எடுத்துக்கணுமாம்க்கா. சீக்கிரமா."

அண்ணன், அதாவது மூத்தவளின் கணவர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் தொங்கிய விசிலைத் தடவிக்கொண்டார். "எனக்கா? நான் மாடி ஏறினா மாடிக்குத்தாம்மா மூச்சு வாங்கும்."

இளையவள் படியிறங்கும் வரைதான் மூத்தவள் பொறுத்தாள்.

"உங்க தம்பிக்கு முழுசா மூணு இலக்கம். நமக்கு வெறும் கேள்விக்குறி. அந்தப் படத்தை அவ வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டுவா. நாளைக்கே கிளம்புங்க!"

ரத்தம் கொடுத்த நாலாம் நாள், பெரிய டாக்டர் அவர்கள் முன்னாலேயே தன்னிடமிருந்த படப் பிரதியில் கேள்விக்குறியை அடித்துவிட்டு எழுதினார்: 341.

தம்பியைவிட நாற்பத்து மூன்று அதிகம். அரை நொடி அவளுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் டாக்டரின் பேனா மேலே நகர்ந்து மாமனார் கட்டத்தில் நின்றது. குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 'மாரடைப்பு, வயது 41.'

"உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்தொன்பது." விசில் வாத்தியாரின் குரலில் காற்றே இல்லை.

"நல்ல வேளை, இப்பவே வந்தீங்க. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சா பயமில்லை. ஆமா, யார் சொல்லி வந்தீங்க?"

"இவதான், டாக்டர். என் மேல அவ்வளவு அக்கறை."

அவள் தலை நிமிரவில்லை. படத்தில் தன் குழந்தையின் கட்டத்தில் இருந்த 'எல்லாம் சரி'யை விரலால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.