பாதியில் நின்ற கலியாண வீடியோ

களுவாஞ்சிக்குடியில் நிருஷாவும் அவள் கணவன் ஜெயரூபனும் ஒரு வீடியோ ஸ்டூடியோ நடத்தினார்கள். புதுக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து அங்கே ஒரே தலையிடி. பழைய கம்ப்யூட்டரிலிருந்து அதற்குப் படங்களை அனுப்பினால் உடனே வந்து சேர்ந்தன. முழுநீளக் கலியாண வீடியோ மட்டும் பாதியில் அசையாமல் நின்றது.

“புதுசிலதான் பிழை. திருப்பிக் குடுப்பம்” என்றான் ஜெயரூபன்.

“கொஞ்சம் பொறுங்க. சின்னது போகுது, பெரிசு நிக்குது. ஏனெண்டு பாக்காம எப்பிடிக் குடுக்கிற?” என்றாள் நிருஷா.

வயரை மாற்றிப் பார்த்தாள், பலனில்லை. இரண்டு கம்ப்யூட்டர்களின் வயர்களையும் நடுவில் இணைத்துக் கோப்புகளைக் கடத்திவிடும் சுவிட்ச் பெட்டியை விலக்கி, அவற்றை நேராகவே ஒரு வயரால் இணைத்தாள். வீடியோ தடங்கலில்லாமல் போய் முடிந்தது. அப்படியானால் பிழை பெட்டியில்தான். புதுக் கம்ப்யூட்டருக்கு இடம் வேண்டுமென்று பெட்டியை மேசைக்கடியில் கமராப் பைகளுக்கிடையே செருகியிருந்தார்கள். தொட்டாள், கை சுட்டது. தொடர்ந்து வேலை கொடுத்தால் அது காற்றில்லாமல் கொதித்து நின்றுவிடுகிறது.

ஆறவிட்டு, மேசைமேல் காற்றுப்பட வைத்தாள். “மறுகா ஒருக்கா போடுங்க.”

இந்த முறை பெட்டி வழியாகவே வீடியோ முழுதாகப் போய்ச் சேர்ந்தது.

பின்னேரம் அதை வாங்க வந்த மணப்பெண்ணின் தகப்பனிடம் ஜெயரூபன், “இண்டைக்கே கிடைக்குதெண்டா அது நிருஷாவாலதான். நான் கம்ப்யூட்டரையே திருப்பிக் குடுக்கப் பாத்தன்” என்றான். யாராவது புகழ்ந்தால் பேச்சை மாற்றிவிடுகிறவள் அவள். அன்று நிமிர்ந்து உட்கார்ந்து, “ஓம், நான்தான் கண்டுபிடிச்சன்” என்றாள்.