முள்ளங்கிக்கு ஒரு நன்றி

அந்த வீட்டில் சண்டை நின்று சில நாளாகியிருந்தது. தையல்காரம்மாவின் கவலையே அதுதான்.

பஸ் டிரைவராக இருந்த அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சும் வலது கையும் போய்விட்டன. இடது கை விரலால் டேப்லெட்டில் தட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் எழுத்து மறையும், குரல் வரும். முகம் தெரியாத சிலர் சேர்ந்து எழுதி, இலவசமாகக் கொடுத்த புரோகிராம் அது. அந்தக் குரலில்தான் அவர் அடுத்த அறையில் படுத்தபடி, தையல் மெஷின் சத்தத்தையும் மீறி அவளை அதட்டிக்கொண்டிருந்தார். ரிப்பேர் கடைக்காரர் பேட்டரியை மாற்றி, கையோடு புது வெர்ஷனையும் போட்டுக் கொடுத்தார். வந்தது வினை. எழுத்து மறைகிறது, குரல் வரவில்லை. தண்ணீர், மாத்திரை என்றால் அழுத்துவதற்கு முன்பு திருப்பிக் காட்டுவார். மற்றதையெல்லாம் தட்டி, அழுத்தி, மறைந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். என்னவென்று கேட்டாலும் காட்டமாட்டார்.

புரோகிராமை எழுதியவர்கள் கூடும் தளத்தில் அவள் தன் போனிலிருந்து தட்டுத்தடுமாறி எழுதினாள். "என் வீட்டுக்காரருக்கு இதுதான் வாய். புது வெர்ஷன் போட்டதிலேருந்து பேசல. யாராவது உதவி பண்ணுங்கய்யா."

எந்த வெர்ஷன் என்று குழுத் தலைவர் கேட்டார். அதுவரை சரி. "இந்த புரோகிராமை வேற கம்ப்யூட்டர் மொழியில எழுதியிருந்தா இந்தத் தொல்லையே இல்ல" என்று ஒருவர் கொளுத்திப் போட்டார். எந்த மொழி என்று இன்னொருவர் மல்லுக்கு நின்றார். அப்புறம் புரோகிராம் எழுதும்போது வரிக்கு முன்னால் இடம் விடுவது எப்படி என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ரவிக்கை கிழிந்து வந்தவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு, எந்தக் கம்பெனி ஊசி உசத்தி என்று சண்டை போட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அவளோ அத்தனையும் தன் கணவரைப் பற்றித்தான் என்று நம்பி, ஒவ்வொருவருக்கும் "நன்றிங்கய்யா" போட்டாள். பாவம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

நடுவில் முள்ளங்கி என்ற புனைபெயரில் ஒருவர் நுழைந்தார். வம்புக்கென்றே வருகிறவர் என்று பெயரெடுத்த ஆள். தலைவர் படித்தும் பார்க்காமல் அவர் பதிலை மறைத்து, ஆளையும் முடக்கினார். 'பேசுபொருளுக்குத் தொடர்பில்லாதது' என்ற பட்டை மட்டும் மிஞ்சியது.

மெனக்கெட்டு எழுதியதைப் படிக்காமல் விடுவது மரியாதையில்லை என்று தையல்காரம்மா அந்தப் பட்டையைத் தொட்டு அதையும் திறந்தாள்.

"மேதாவிங்களா, உங்க புது வெர்ஷன் தேதியைப் பார்த்துத்தான் குரலைத் திறக்குது. கடிகாரம் தப்பா இருக்கிற டப்பாவில அது ஊமையாத்தான் நிக்கும். இதைச் சோதிச்சுப் பார்க்க இங்க ஒருத்தனுக்கும் துப்பில்ல. பச்சைப் பொத்தான் வேற வாந்தி கலர்."

ஊமை என்ற சொல் சுருக்கென்று தைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் டேப்லெட்டைப் பார்த்தாள். அதில் அவர்கள் கல்யாணத்துக்கும் முந்திய வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றியதில் கடிகாரம் பின்னால் போயிருக்கிறது. இணைய இணைப்பு அவள் போனில் மட்டும்தான் என்பதால் தானாகவும் திருந்தவில்லை. தேதியை மாற்றினாள்.

தேங்கிக் கிடந்த பேச்செல்லாம் வரிசையாகக் கிளம்பியது.

"குழம்புல உப்பில்ல."

"அந்த மெஷினை நிறுத்திட்டு வந்து சாப்பிடு."

"கண்ணு சிவந்திருக்கு. கொஞ்சம் தூங்கேன்."

அவர் பதறிப்போய்ப் பொத்தானைத் தட்டினார். நிறுத்த வழியில்லை.

"எனக்குப் பயமா இருக்கு."

"நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்? இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அவர் போனை வாங்கி ஒற்றை விரலால் தானே தளத்தில் எழுதினார். "நான் பஸ் டிரைவர். வம்பு பேசுற பயணியை நடுவழியில இறக்கிவிட்டதில்ல. டயர்ல காத்து இல்லன்னு முதல்ல கத்துறது அவன்தான். முள்ளங்கி ஐயாவை ஏத்திக்குங்க. அவர் எனக்கு வாய் கொடுத்திருக்கார்."

பிறகு தலைவர் மன்னிப்புக் கேட்டு முடக்கத்தை நீக்கினார். தேதிச் சிக்கலை அன்றே சரிசெய்வதாகவும் சொன்னார். முள்ளங்கியின் முதல் வரி வந்தது: "நன்றியெல்லாம் இருக்கட்டும். பொத்தான் இன்னும் வாந்தி கலர்தான்."

தையல்காரம்மா அதற்கும் ஒரு "நன்றிங்கய்யா" போட்டுவிட்டு, மெஷினில் போய் உட்கார்ந்தாள். இரண்டு தையல் ஓடியிருக்காது, அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

"உப்பில்லன்னு சொன்னேனே, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க" என்றாள் அவள். "எல்லாமே கேட்டுச்சு."