மேசை எண் ஏழு

சிங்கப்பூரின் ஜூரோங் கிடங்கு அலுவலகத்தில் நான் ஒப்பந்த புரோகிராமர். மேலாளர் இருதயராஜ் எங்களை மேசை எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். எங்கள் புரோகிராம்கள் தொடர்புகொள்ளும் சர்வர் கணினிக்கும் அதே கதிதான்; ஐபி என்ற முகவரி எண்தான் அவருக்கு அதன் பெயர்.

"ஐபி எண்ணையே புரோகிராம்ல எழுதிடு. பேரைக் கொடுத்து எண்ணைத் தேடுறதெல்லாம் டைம் வேஸ்ட் லா."

நான் பிடிவாதமாகச் சர்வரின் பெயரையே எழுதினேன். எல்லோர் முன்பும் திட்டினார்.

திங்கட்கிழமை சர்வரை உட்லண்ட்ஸ் கிளைக்கு மாற்றினார்கள், அதன் ஐபி எண்ணும் மாறிவிட்டது. மற்றவர்களின் புரோகிராம்கள் பழைய எண்ணையே தட்டித் தட்டி நின்றுபோயின. என்னுடையது பெயரை வைத்துப் புது எண்ணைக் கண்டுபிடித்து ஓடியது.

இருதயராஜ் அறைவாசலில் நின்று கத்தினார்.

"டேபிள் செவன்! எல்லாத்தையும் உன்னோடது மாதிரி மாத்திடு!"

நான் திரும்பவில்லை.

"உன்னைத்தான்!"

"எனக்கும் பேர் இருக்கு சார். தேடிப் பார்த்துட்டு வந்து கூப்பிடுங்க."