இடது பக்க சீட்

நீள ஸ்பானரோடு நான் பட்டறைக்குத் திரும்பியபோது வேன் நின்ற இடம் காலியாக இருந்தது. ஜாக்கி மட்டும் கிடந்தது.

அது என் மனைவி ஓட்டும் பள்ளிக்கூட வேன். முன் இடது சக்கரத்தைத் தாங்கும் ஆர்மை அன்றுதான் புதிதாக மாட்டியிருந்தேன். அந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. ஆர்மின் முனையில் புஷ் என்று ஒரு ரப்பர் வளையம்; அதற்குள் போகும் போல்ட்டுகளை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. இறுக்கினால் ரப்பர் திருகிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். கையால் முடுக்கிவிட்டு, வண்டியைத் தரையிறக்கி, பாரம் முழுக்க உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு. அதற்கான ஸ்பானரை டிங்கர் கடைக்காரர் இரவல் வாங்கிப் போயிருந்தார். அந்த மனுஷனுக்கு வாங்க மட்டும்தான் தெரியும். வண்டியை இறக்கி வைத்துவிட்டு அதைப் பிடுங்கிவரப் போன நேரத்தில் இவள் வந்து எடுத்துப் போயிருக்கிறாள். சக்கரம் தரையில் இருந்தால் வேலை முடிந்தது என்பதுதான் இத்தனை வருஷமாக எங்களுக்குள் வழக்கம். சாவியையும் வண்டியிலேயே விட்டிருந்தேன், புத்திகெட்டவன்.

போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி எடுப்பாள்? "ஓட்டும்போது போனைத் தொட்டே, சாவியைப் பிடுங்கிடுவேன்" என்று கத்தியவனே நான்தானே.

சர்வீசுக்கு வந்திருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது. போகும்போது காலி வண்டி, இறங்கும்போது வண்டி நிறையப் பிள்ளைகள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் பாரமெல்லாம் முன்சக்கரத்துக்குத்தான் வரும். அதற்குமேல் நினைக்கப் பயமாக இருந்தது.

இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் வேன் ஓரமாக நின்றது. சக்கரங்களுக்குக் கல் வைத்திருந்தாள். பிள்ளைகள் மதிலோரமாக வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்டி சொல்லாம எடுத்துட்டு வந்தே?"

"இறுக்காம இறக்கி வெச்சது யாராம்?" என்றாள், என் கையிலிருந்த ஸ்பானரைப் பார்த்து. உடனே குரல் இறங்கியது. "மேடு ஏறும்போதே கடக்குனு சத்தம் வந்துதுங்க. நீங்க மாட்டினதாச்சே, ஒண்ணும் இருக்காதுன்னு பிள்ளைங்களையும் ஏத்திட்டேன். இறக்கத்தப் பாத்ததும்தான் பிரேக்குல இருந்து கால எடுக்க மனசு வரல."

அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு நட்டு பாதிக்குமேல் கழன்று, விழுந்துவிடும் நிலையில் இருந்தது. ஸ்பானர் இரண்டு தடவை வழுக்கியது. இறுக்கினேன். மற்றதையும் இறுக்கினேன். திரும்ப முதலிலிருந்து பார்த்தேன். அவள் செருப்புக் கால்கள் சக்கரத்தை ஒட்டியே நின்றன.

"சரியாயிடுச்சு," என்று எழுந்தேன். "பிள்ளைங்கள ஏத்திக்கோ. நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வர்றேன்."

பிள்ளைகளை ஏற்றினாள். கல்லை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். ஆனால் வண்டியை நகர்த்தவில்லை. எட்டி, இடது பக்கக் கதவைத் திறந்து, அந்தப் பக்கத்து சீட்டைத் தட்டினாள்.

"ஸ்கூட்டர் இங்கயே நிக்கட்டும். நீங்க ஏறுங்க."

ஏறினேன். என் காலுக்குக் கீழேதான் அந்தச் சக்கரம். பின்னால் பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்க்காமல், பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தாள்.