பெண்ணை அனுப்பினால்

“கேட்டதுல இன்னாம்மா தப்பு? கேட்டாதான குடுப்பாங்க.”

“யாருப்பா குடுப்பா? அவங்க ஜப்பான்ல முதியோர் இல்லம் நடத்துறவங்க. நம்ம நெலத்தையா எடுத்துக்கினு போறாங்க?”

ராஜாங்கம் சட்டைக் காலரில் படிந்திருந்த கரித்தூளைத் தட்டினார், அந்தத் தட்டலே எழில்மதிக்கு எரிந்தது, அந்த இல்லத்து வேலைக்கு எல்லாத் தேர்வும் முடிந்து பெற்றவர் சம்மதம் ஒன்றுதான் பாக்கி என்றிருந்த காலையில், மகளை அனுப்பினால் உங்களுக்குச் சரிதானா என்று வீடியோ காலில் அந்த மேலாளர் அம்மாள் கேட்க, மொழிபெயர்க்கிற பெண் அதைத் தமிழில் சொல்ல, இவர் தொண்டையைச் செருமி, “அனுப்பறேங்க, அனுப்பினா எம் மவன் விஜயராஜுக்கு அங்க ஒரு பர்மனென்ட் வேலை போட்டுத் தரணுங்க” என்றாரே... மொழிபெயர்க்கிறவள் அதைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி, அந்த அம்மாள் குனிந்து வணங்கி, மாலையில் பேசலாம் என்று வைத்துவிட்டார்கள். மாலையும் வந்துவிட்டது. இவர் மறுபடி வாயைத் திறந்தால் அந்த இடம் வேறொருத்திக்கு.

வந்தால், போனால் என்கிற நம் ‘ஆல்’ ஜப்பானியத்தில் ஒன்றல்ல, பல, பட்டனை அழுத்தினால் கதவு திறக்கும் என்பதற்கு ‘தொ’, எப்போது அழுத்தினாலும் திறந்தே தீரும், இது நடந்து முடிந்தால் பிறகு அது என்பதற்கு ‘தரா’, நீ சொல்வதுதான் என்றால் என்பதற்கு ‘நரா’, எத்தனை நாள் இவற்றை மாற்றி மாற்றிச் சொல்லி வகுப்பில் தலைகுனிந்திருப்பாள்... அப்பாவுக்கு ஒரே ‘ஆல்’தான், எடுத்தால் கொடுக்க வேண்டும், பட்டன் மாதிரி. இந்த மந்தாரக்குப்பத்தில் யார்தான் வேறு மாதிரி பேசுகிறார்கள், நிலக்கரி மைன்ஸுக்கு நிலம் போனால் பதிலுக்கு வீட்டுக்கு ஒரு வேலை, அந்த ஒன்று பெரியப்பாவுக்குப் போயிற்று, அவர் கம்பெனி குவார்ட்டர்ஸில், இவர் இன்னும் காண்ட்ராக்ட் கூலியில், சரி, அதற்கு நான் என்ன செய்வேன்? நான் என்ன முந்திரிக்காடா, அளந்து பார்த்து, மரத்தை எண்ணி, பதிலுக்கு இதைக் கொடு என்று கேட்க? அதுவும் விஜிக்கு, பத்து மணி வரை தூங்குகிறவனுக்கு, அவன் போய் எந்தக் கிழவரைத் தூக்கி உட்கார வைப்பான்... இத்தனை வருடமும் என்னைப் பார்த்த கண் நிலத்தைப் பார்த்த கண்தானா?

ஆனால் குத்தகைக்கு விட்ட நிலத்துக்கு இங்கே யாரும் வேலை கேட்டதில்லையே. அறுப்பு முடிந்தால் அது கைக்கு வந்துவிடும். கேட்டதெல்லாம் மைன்ஸ் தோண்டிப் பள்ளமாகிப்போனதற்குத்தான், இனி வராது என்று தெரிந்ததற்கு மட்டும்தான்... ஐந்து வருடம்தான்ப்பா, வந்துடுவேன் என்று எத்தனை முறை சொன்னாள், அவர் உம் கொட்டினாரே, நம்பியா கொட்டினார்? நிமிர்ந்து பார்த்தாள். அவர் இன்னும் காலரையே தட்டிக்கொண்டிருந்தார், தூள் எப்போதோ போய்விட்டிருந்தது. கோபம் அப்படியேதான் இருந்தது, அதை யார்மீது வைப்பதென்றுதான் இப்போது தெரியவில்லை.

மேசையில் போன் அதிர்ந்தது.

“அப்பா, சரிங்கன்னு மட்டும் சொல்லுங்கப்பா. பதிலுக்கு ஒண்ணும் கேக்காதீங்க.”